காப்பிப் பூவும் கறுத்த முகமும்

3 ஏப்ரல் 1989, திங்கள்

மாரமங்கலத்துப் பெரியண்ணனும் அவர் மனைவியும், தாங்கள் நட்ட காப்பிச் செடியின் முதல் பூவோடு நின்று படம் எடுக்கக் கேட்டார்கள். நடுவிலுள்ள சின்ன வட்டத்துக்குள் விழும் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் புதுக் காமிரா, துளியும் தப்பாது என்று பெருமை பேசியது நான்தான். காலையில் எடுத்ததைக் கழுவிப் பார்த்தால் பூ சாம்பலாகவும் முகங்கள் கரியாகவும் இருந்தன.

மாலையில் இருவரும் என் போட்டோக் கடைக்கு வந்தார்கள். "ஏனுங்க பாய், நாங்க கரி மூட்டம் போட்டுட்டா வந்து நின்னோம்?" என்றார் அவர்.

அந்தம்மா சிரிக்கவில்லை. "பூவையே பாத்துப்போட்டு எங்கள உட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க."

உண்மைதான். வட்டத்தைப் பூவின் மேல்தான் வைத்தேன். வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கிவிடும். நான் காட்டிய இடத்தை அது சரியாகத்தான் அளந்தது. நெகட்டிவிலேயே முகம் விழவில்லை, அச்சில் தேற்ற வழியில்லை.

நாளை மறுநாள் பூ வாடிப் பழுப்பாகிவிடும். முதல் பூ மறுபடி வராது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் மாரமங்கலம் போய், வட்டத்தை அந்தம்மாவின் கன்னத்தில் வைத்து அளக்கப் போகிறேன். பூ வெள்ளைதானே, இன்னும் கொஞ்சம் வெளுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது.