மாப்பிள்ளை செய்த கணினி டிவி

அருமை மாப்பிள்ளை ஆரோக்கியத்துக்கு,

உன் மச்சான் சவரிமுத்து எழுதுகிறேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. சௌக்கியமா என்று கேட்க முடியாத ஆளுக்குக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கணினியைக் கெடுத்துவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. பிலோமினாவைப் பார்க்க ஒரு சனிக்கிழமை பத்தாங் காலியிலிருந்து கோலசிலாங்கூருக்கு வந்திருந்தேன். டிவி முன்ன மாதிரி வெளங்கலண்ணே என்றாள். உன் மனைவி ஆவதற்கு முன்னாலிருந்தே அவள் என் தங்கை. அவள் கேட்டு நான் இல்லையென்று சொன்னதில்லை. கணினியைத் திறந்ததும் அப்டேட் செய்யவா என்று ஒரு கட்டம் வந்து நின்றது. பழசாகிவிட்டது போல, அதனால்தான் விளங்கவில்லை என்று நினைத்து அமுக்கிவிட்டேன். அங்கே பிடித்தது சனி.

மறுபடி கணினி திறந்தபோது திரை முழுக்கப் பச்சைக் கோடு. செய்தி வாசிக்கும் பெண்ணுக்குப் பாதி முகம்தான் இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனில் இருக்கும் கடைக்குப் போனேன். கிராஃபிக்ஸ் கார்டுக்கு வயதாகிவிட்டது, அப்டேட்டில் வந்த புது டிரைவர் மென்பொருள் அதற்கு ஒத்துவரவில்லை என்றார் கடை முதலாளி தவுக்கே. பழைய டிரைவரைத் தேடிப் போட்டும் கோடு போகவில்லை. கடைசியில் வேறொரு கார்டைச் செருகிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, நீ கூரையில் கட்டிய ஏரியல் ஒயரை மாட்டினேன். படம் வந்தது. சத்தம் வரவில்லை.

மறுபடியும் கடை. டிஜிட்டல் டிவியின் சத்தத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறார்களாம். அதைப் பிரித்துக் கொடுக்கிற கோடெக் கணினியில் இருக்க வேண்டுமாம். நீ ஏதோ ஒன்றைப் போட்டு வைத்திருந்தாய் போல, அப்டேட்டில் அதுவும் போய்விட்டது. எந்தக் கோடெக், மாப்பிள்ளை? ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருக்கக் கூடாதா? நான் இறக்கியதைப் போட்டால் சத்தம் வருகிறது, படம் விக்கி விக்கி நின்றுவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் படம் ஓடுகிறது, சத்தம் போய்விடுகிறது. ஐந்து சனிக்கிழமை இப்படியே கழிந்தது. செம்பனை எண்ணெய் ஆலையில் எந்த மோட்டாரையும் பிரித்துப் பூட்டியவன் நீ. நான் லோரி ஓட்டியவன், எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

ஒரு டிவி வாங்கத் துப்பில்லாமலா இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறாய் என்று உன்னை எத்தனை முறை கேலி செய்திருப்பேன். நீ சிரிப்பாயே தவிர ஒரு நாளும் காரணம் சொன்னதில்லை.

ஆறாவது சனிக்கிழமை படம் தெளிவாக வந்தது. சத்தம் மட்டும் இல்லை. நான் மேசைக்குப் பின்னால் குனிந்து ஒயர்களோடு போராடிக்கொண்டிருந்தேன். திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த பிலோமினா, நல்லா வந்துருச்சி, போதும்ணே என்றாள். சத்தமே வரவில்லையே என்றேன். பிலோ என்று கூப்பிட்டேன். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காது கொஞ்சம் மந்தம், மெஷின் மாட்டினால் கேட்கும் என்றுதானே நீங்கள் இரண்டு பேரும் எங்களிடம் சொல்லியிருந்தீர்கள்? எழுந்து போய் அவள் தோளைத் தொட்டேன். திரும்பி என் முகத்தைப் பார்த்தவள் அழுதுவிட்டாள். இரண்டு வருடமாக ஒன்றுமே கேட்பதில்லையாம். யாருக்கும் சொல்லக் கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாளாம். ஞாயிறு பூசையில்கூட உன்னைப் பார்த்துத்தான் எழுந்தாளாம், உன்னைப் பார்த்துத்தான் முழங்காலிட்டாளாம். இத்தனை சனிக்கிழமையும் நான் பேசியதற்கெல்லாம் அவள் சும்மா தலையாட்டினாள். அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. புது டிவி ஒன்று வாங்கித் தருகிறேன் என்று தாளில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"கடை டிவி நிக்காதுண்ணே. இதுன்னா அவரு நிப்பாட்டுவாரு."

பிறகுதான் எல்லாம் சொன்னாள். நீ ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு செய்தியைக் கேட்பாயாம். ஒரு செய்தி முடிந்ததும் கீபோர்டைத் தட்டி அப்படியே நிறுத்திவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து மெதுவாகச் சொல்வாயாம். அவளுக்குப் புரிந்த பிறகு விட்ட இடத்திலிருந்து ஓட்டுவாயாம். அதற்காகவே கணினியில் டிவி வைத்தாயாம். அரை மணி நேரச் செய்தி ஒன்றரை மணி நேரம் போகுமாம். சுங்கை புரோங்கில் வயல் மூழ்கியது, பெட்ரோல் விலை, யாரோ ஒரு மந்திரி பேசியது என்று எல்லாவற்றையும் உன் நக்கலும் சேர்த்துச் சொல்வாயாம். சினிமாவுக்காவது அடியில் மலாய் எழுத்து ஓடும். செய்திக்கு என்ன ஓடும்?

நான் கார்டு, கோடெக் என்று அலைந்துகொண்டிருந்தேன் மாப்பிள்ளை. அவளுக்கு விளங்காமல் போனதற்குக் காரணம் அது இல்லை என்று யார் எனக்குச் சொன்னார்கள்?

இப்போது அவளிடம் யாரும் பேசுவதில்லை. பேசினாலும் போய்ச் சேர்வதில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை, புருஷன் போனதும் திமிர் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்கிறார்களாம். பூசைக்குப் போவதையும் விட்டுவிட்டாள். இப்படியே போனால் என் தங்கை நாலு சுவருக்குள் எங்கள் யாருக்கும் எட்டாதவளாகிவிடுவாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை நானே செய்து பார்த்தேன். சத்தம் வருகிற கோடெக்கைப் போட்டு, படம் விக்கினால் விக்கட்டும் என்று விட்டேன். உன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன், நிறுத்தினேன், அவள் பக்கம் திரும்பினேன். அதற்குள் கேட்டதில் பாதி மறந்துவிட்டது. மிச்சத்தைச் சொன்னேன். அவள் என் வாயையே உற்றுப் பார்த்தாள். மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். வெள்ளம் என்ற ஒரு சொல்லை என்னால் அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை.

"வாயி தெரியலண்ணே," என்றாள். "மீச மறைக்குது."

சொல்லிவிட்டு, நான் வருத்தப்படுவேனோ என்று அவளே என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன் என் மகள் கல்யாணத்துக்கு நீ மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றாய். கிழவனுக்கு இளமை திரும்புகிறதா என்று பந்தியில் எல்லார் முன்னாலும் கேட்டேன். எல்லாரோடும் சேர்ந்து நீயும் சிரித்தாய். அன்றைக்காவது என்னிடம் சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ளை.

உன் கணினியை என்னால் சரிசெய்ய முடியவில்லை. உன்னைப் போல நக்கலாகச் சொல்லவும் எனக்கு வராது. இருபது வயதில் வைத்த மீசை இது. என் முகத்தில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். வருகிற சனிக்கிழமை இது இல்லாமல் வந்து அவள் எதிரே உட்காருகிறேன். வெள்ளம் என்பதிலிருந்து மறுபடி தொடங்குகிறேன்.

பிலோமினாவின் அண்ணன்,
உன் மச்சான்
சவரிமுத்து