நீர்ப்பூலாவுக்குப் பக்கத்தில்

எனக்குச் சளி என்று கேள்விப்பட்டு, நாம் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளப் பெண்மணி ஒரு கைப்பிடி நொச்சி இலை கொடுத்தார். கொதிக்கும் நீரில் போட்டு, போர்வையை மூடிக் குனிந்தேன். ஆவியோடு நீயும் வந்துவிட்டாய்.

ஜாதவ்பூரில் ஒரே அறையில் இருந்தோம். எனக்கு ஐ.டி. வேலை, உனக்குத் தாவரவியல் ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமைகூடத் தூங்க விடமாட்டாய். ரயில் பாதைக்கு அப்பால் மழைநீர் தேங்கும் பள்ளத்துக்கு இழுத்துப் போவாய். செடிகளை எண்ணுவதற்குக் கயிற்றால் சதுரம் கட்டி, ஒரு முனையை என் கையில் திணிப்பாய். மேட்டில் நொச்சி, சரிவில் நீர்ப்பூலா, சேற்றில் நீர்முள்ளி. எனக்கு எல்லாமே புதர்தான்.

“ஏட்டி, நொச்சி நிக்குதான்னு மட்டும் பாக்காத. பக்கத்துல யாரெல்லாம் நிக்காவன்னு பாரு.”

“செடிக்கு என்னடி இவ்வளவு மரியாதை?” என்று திருச்சிக்காரி நான் கிண்டல் செய்வேன். ஒன்றன் நிழலிலும் ஈரத்திலும்தான் இன்னொன்று பிழைக்கிறது, தனியாகப் பிடுங்கி எங்கே நட்டாலும் அது இந்தப் பள்ளம் ஆகாது என்று நீ பாடம் எடுப்பாய். நான் கொட்டாவி விடுவேன்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவே இல்லை. உன் அப்பா வந்து உன்னைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார். துணிமணி, புத்தகம் எல்லாம் உன்னோடு போயின. இப்போது தமிழில் சண்டை போடக்கூட ஆளில்லை. சென்னைக்கு மாற்றல் தருகிறோம் என்கிறது அலுவலகம். வந்துவிடு என்று அம்மா தினமும் போனில் கெஞ்சுகிறாள். ஆனால் உன்னுடையது என்று மிச்சமிருப்பது இந்த ஊரில் அந்தப் பள்ளம் ஒன்றுதான்.

அதையும் தூர்க்கிறார்கள். சில வாரங்களுக்கு முன் போனபோது பாதிக்கு மேல் இடித்த செங்கல் கிடந்தது. இன்னொரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. காய்கறிக்காரரிடம் பேரம் பேசவே கூசும் நான், மிச்சமிருந்த நீர்ப்பூலாவுக்குப் பக்கத்தில் போய்க் குறுக்கே நின்றேன்.

ஓட்டுநர் தலையை நீட்டி, “கார் ஜொமி?” என்றார். யாருடைய நிலம் என்று கேட்கிறார்.

“ஆமார் பொந்துர்,” என்றேன். என் தோழியுடையது.

அப்படியானால் அவளைக் கூப்பிடு என்றார், பாதிச் சிரிப்போடு. வாயைத் திறந்தேன். உன் பெயர் தொண்டைவரை வந்தது. வேடிக்கை பார்க்கக் கூடியவர்கள் முன்னால் ஓவென்று அழுதேன். மனிதர் பதறிப்போய் லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வேறொருவர் வருவார், தெரியும்.

அதனால் ஞாயிறுதோறும் நானே எழுந்து போகிறேன். அடுத்து வருபவரும் அவளைக் கூப்பிடு என்றால், உனக்குப் பதிலாக வந்து நிற்க ஒருத்தி வேண்டுமே. சென்னை வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லியாயிற்று. அம்மாவிடம் என்ன காரணம் சொல்வதென்றுதான் தெரியவில்லை. நீ இருந்தால் போனைப் பிடுங்கி நீயே பேசிச் சமாளித்திருப்பாய்.