தாத்தா தேவைப்படாத இலக்கணப் புத்தகம்

ஜூன் 4

காலையிலேயே மகள் ஒரு வேலை கொடுத்தாள். பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறார்களே, அவளுக்கு ஓர் இலக்கணப் பயிற்சிப் புத்தகம் பார்த்து வாங்கி வர வேண்டுமாம். ஒரே நிபந்தனை. "யாரையும் கேக்காம அவளே போட்டுக்கற மாதிரி இருக்கணும்ப்பா."

யாரையும் என்றால்? மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க போனில் வாடிக்கையாளர் புகார்களைக் கேட்பவள். மருமகன் ஆபீஸ் போய்விடுவார். மிச்சம் இருக்கிற ‘யாரும்’ நான் ஒருவன்தான். ஆக, நான் தேவைப்படாத ஒரு புத்தகத்தை நானே தேடிப் பிடித்து, பையில் போட்டுத் தூக்கி வர வேண்டும். நல்ல நியாயம்.

லாரி ஓட்டிக்கொண்டே இலக்கணம் படித்தவன் நான். பழைய பேப்பர் கடையில் வாங்கிய புத்தகம். விடைகள் இருந்த கடைசிப் பக்கங்கள் கிழிந்து போயிருந்தன. அதனால் என்ன? நான் எழுதிய ஒரு விடைகூட இன்றுவரை தவறென்று நிரூபிக்கப்படவில்லை.

ஜூன் 5

கடைக்குப் போனேன். முதல் புத்தகத்தின் அட்டையில் ‘நீயே கற்றுக்கொள்’ என்று கொட்டை எழுத்து. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் ‘பெரியவர் உதவியுடன் செய்க’. இது என்னம்மா என்று விற்பனைப் பெண்ணைக் கேட்டேன். "அது எல்லா புக்லயும் போடுவாங்க அங்கிள், கண்டுக்காதீங்க."

இன்னொன்றில் பெயர்ச்சொல்லுக்கு ஒரு கரடி, வினைச்சொல்லுக்கு ஒரு கரடி. இரண்டுக்கும் ஒரே முகம். மூன்றாவதைப் படிக்க செல்போன் வேண்டுமாம். அப்புறம் புத்தகம் எதற்கு?

நான்காவதில் படம் கிடையாது. விளக்கம், ஓர் உதாரணம், பயிற்சி, கடைசியில் விடைகள். அரை மணி நேரம் புரட்டியும் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. எரிச்சலோடு வாங்கி வந்தேன்.

ஜூன் 6

சோதிக்காமல் பிள்ளை கையில் எதையும் கொடுக்கக் கூடாது. தனித்தாளில் நானே பயிற்சிகளைச் செய்து, பின்பக்கம் பார்த்தேன். பல இடங்களில் புத்தகம் என்னோடு ஒத்துப்போகவில்லை. அச்சுப்பிழை, வேறென்ன?

இவ்வளவு அச்சுப்பிழை ஒரு குழந்தையின் கண்ணில் படலாமா? பிளேடு எடுத்தேன். விடைப் பக்கங்களைச் சுத்தமாக வெட்டி, அலமாரியில் என் ஸ்வெட்டருக்கு அடியில் வைத்தேன்.

ஜூன் 9

"தாத்தா, இது சரியா?" "தாத்தா, இது?" ஓய்வே இல்லை. சரி என்கிறேன், தப்பு என்கிறேன், காரணமும் சொல்கிறேன். அவள் போனதும் அலமாரியைத் திறந்து பார்த்துக்கொள்கிறேன் — புத்தகம் எந்த அளவுக்குத் தவறு செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

ஜூன் 11

மிக நல்ல புத்தகம்.

ஜூன் 13

மத்தியானம் நான் கண்ணயர்ந்த நேரத்தில் பிள்ளை போய் அம்மாவின் கதவைத் தட்டியிருக்கிறாள். இது முதல் தடவை இல்லையாம். சாயங்காலம் மருமகன் வந்ததும் மகள் ஆரம்பித்தாள்.

"கஸ்டமர் லைன்ல இருக்காரு, இவ வெளியிலேர்ந்து ‘எழுவாய் எது’ன்னு கத்தறா. மேனேஜர் கூப்பிட்டுக் கிழிச்சிட்டார்ப்பா. இவளுக்குத் தனியா உக்காந்து படிக்க வரல. அடுத்த மாசம் ஸ்கூல்ல போட்டுடறோம்."

"நீங்களும் நிம்மதியா இருக்கலாம் மாமா," என்றார் மருமகன். நிம்மதி! யாருய்யா கேட்டா உங்ககிட்ட நிம்மதி?

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே, "பின்னாடி விடையே இல்லம்மா. சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

மகள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். "கடைக்காரன் உங்கள நல்லா ஏமாத்திட்டான்ப்பா."

என்னை! ஒருவன் ஏமாற்றினானாம்! என் வாழ்நாளில் — வாயைத் திறக்க முடியவில்லை. எப்படித் திறப்பது?

ஜூன் 14

பிள்ளை பள்ளிக்குப் போய்விட்டால், காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்த வீட்டில் நானும் ஒரு சாத்திய கதவும். யோசித்துப் பார்த்தேன். பசை வாங்கி வந்தேன்.

ஒரு தாள் தலைகீழாக ஒட்டிக்கொண்டது. பிரிப்பதற்குள் காய்ந்துவிட்டது. கிடக்கட்டும், பிள்ளை புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துப் படிக்கட்டும்.

"கடையில சத்தம் போட்டேன். சரி பண்ணிக் குடுத்துட்டான்," என்றேன் மகளிடம்.

அவள் என் விரல்களைப் பார்த்தாள். பசை சரியாகப் போகவில்லை போலிருக்கிறது. "பாவம், நல்ல மனுஷன்தான் போல," என்றாள். "சரிப்பா, இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்."

ஜூன் 16

பிள்ளை அம்மாவின் கதவைத் தட்டவில்லை. என்னிடமும் வரவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல அவள் மேசைப் பக்கமாக நடந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தாகம்.

"தாத்தா, நிக்காதீங்க. வெளிச்சம் மறைக்குது."

ஜூன் 18

அச்சுப்பிழை என்று நான் நினைத்தவற்றுள் சில, அச்சுப்பிழை அல்ல. சிலதான்.

ஜூன் 20

பள்ளிப் பேச்சு நின்றுவிட்டது. "அவளே உக்காந்து, அவளே திருத்திக்கறா," என்று மருமகனிடம் மகள் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று ஒரு வார்த்தை? மூச்.

ஜூன் 21

பயிற்சியை முடித்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் புத்தகம் இல்லை.

"என்ன சந்தேகம்?" என்றேன்.

"சந்தேகம்லாம் ஒண்ணும் இல்ல தாத்தா. சும்மாதான் வந்தேன்."

கட்டிலில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டேன்.