எதிரில் நின்று சொல்

முருகன் துணை

திருத்தணி
10.4.2022

அன்புள்ள மகன் பூபாலனுக்கு,

அம்மா மணியம்மை எழுதுவது. ஷார்ஜாவில் நீயும் பிரபாவதியும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் காலையில் கடை திறக்கும்போது மலையைப் பார்த்துக் கும்பிடுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன பழைய காலத்து வேலை என்று சலித்துக்கொள்ளாதே. காரணம் இருக்கிறது, சொல்கிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவள் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பிரபாவதிக்குப் பிறகு நீயே சொல்லிக்கொள்ளலாம். முதலில் நீ தனியாகப் படி.

பக்கத்துக் கடை குப்பம்மாள் சொன்னாள். அடுத்த மாதம் நைனாவின் வருஷத் திதிக்கு நீ வருகிறாயாம். குளத்தங்கரையில் திதியைக் கொடுத்துவிட்டு, வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், நேராகக் கனகம்மாசத்திரத்துக்கு மாமியார் வீட்டுக்குப் போய்விடுவாயாம். "அந்த வூட்ல நான் கால் வெக்க மாட்டேன்னு சொல்லிடு ஆயா" என்று அவளிடம் போனில் சொன்னாயாமே. பாவம், அதை என்னிடம் சொல்வதற்குள் அவள் படாத பாடு பட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். வந்தது. பெற்றவள் என்ன செத்தா போய்விட்டேன், ஊரான் வாயால் சேதி அனுப்புகிறான் என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோது உன்மேல் தப்பில்லை என்று தெரிந்தது. உனக்குத் தெரிந்ததை வைத்துத்தானே நீ கோபப்படுவாய். தெரியாததை நான்தான் சொல்லவேண்டும்.

பூபாலா, உன் அம்மாவுக்குக் காது கேட்காது. இப்போது வந்த வியாதி இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பொதட்டூர்பேட்டையில் நானும் நைனாவும் இருபத்திரண்டு வருஷம் விசைத்தறி ஓட்டியது உனக்குத் தெரியும். அந்தக் கொட்டகைக்குள் நீ வந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடுவாய். பன்னிரண்டு தறி ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அங்கே வேலை செய்கிறவர்கள் யாரும் காதால் கேட்பதில்லை, எதிராளியின் வாயைப் பார்ப்போம். நூல் அறுந்தது, டீ வந்தது, முதலாளி வருகிறார், எல்லாம் வாயசைவுதான். நைனா என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னதே நாலு தறி தள்ளி நின்றுதான். சத்தமே இல்லாமல் சொன்னார், எனக்கு நன்றாகப் புரிந்தது.

வருஷம் போகப்போக வலது காது மந்தமானது. நீ மூன்றாவது படிக்கும்போது இரண்டுமே போய்விட்டது. ஒரு நாள் சட்டை கிழிந்து வந்து நின்றாய். என்னடா என்றால், பள்ளிக்கூடத்து வாசலில் நீ அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாயாம், நான் திரும்பிப் பார்க்காமல் போனேனாம், பசங்கள் உன்னைச் "செவிடி புள்ள" என்று கிண்டல் செய்தார்களாம். அடித்துக்கொண்டு வந்திருந்தாய். அழுகையில் உனக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு நல்லாத்தான்டா கேக்குது, ஏதோ நெனப்புல போயிகினு இருந்தேன்" என்று சொன்னேன். நீயும் நம்பினாய். அன்றைக்கு முடிவு செய்தோம், நானும் நைனாவும், இது உனக்குத் தெரியவே கூடாது என்று. நீ கூப்பிட்டால் அவர் என் தோளைத் தொடுவார். நீ ஷார்ஜாவில் இருந்து பேசினால், போனை சத்தமாக வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து நீ சொல்வதை வாயசைத்துக் காட்டுவார், நான் பதில் சொல்வேன். வீடியோவில் நீ வந்தால் நானே சமாளித்துவிடுவேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் உனக்குச் சந்தேகம் வந்ததா? வந்திருக்காது. அவ்வளவு கெட்டிக்காரர் உன் நைனா.

திருத்தணிக்கு வந்து மலையடிவாரத்தில் தேங்காய் பழக் கடை போட்டபோதும் கஷ்டம் தெரியவில்லை. நகரியில் இருந்தும் புத்தூரில் இருந்தும் வருகிறவர்கள் தெலுங்கு பேசினாலும் வாயைப் பார்த்தே எடுத்துக் கொடுத்துவிடுவேன். நைனா வேடிக்கை பார்த்துச் சிரிப்பார்.

அப்புறம் கொரோனா வந்தது. ஊரே வாயை மூடிக்கொண்டது.

உனக்கு எப்படிச் சொல்வது அதை? எல்லோருக்கும் மூச்சு முட்டியது என்பார்கள். எனக்கு ஊரே அணைந்துபோனது. கடைக்கு முன்னால் ஒருவர் வந்து நிற்பார், கண் மட்டும் தெரியும், துணி லேசாக ஆடும். என்ன கேட்கிறார் என்று தெரியாது. கற்பூரம் கேட்டவருக்கு விபூதி கொடுப்பேன். கண்ணைப் பார்த்தால் அவருக்குக் கோபம் என்பது மட்டும் தெரியும். "கொஞ்சம் எறக்கிட்டு சொல்லுங்க, இன்னா வேணும்னு வெளங்கல" என்று சொல்ல ஆரம்பித்தேன். அதுதான் ஊருக்கு ஆகவில்லை. இத்தனைக்கும் ஊர் ஒன்றும் ஒழுங்கு இல்லை. பாதிப் பேருக்கு மாஸ்க் தாடையில் தொங்கும். படியேறும் இடத்தில் போலீஸ் நின்றால் மூக்குக்கு ஏறும், தாண்டினால் சட்டைப் பைக்குள் போகும். ஒருவர் போட்டு உள்ளே போனதும் வெளியே நிற்கும் தம்பிக்கு அதையே கழற்றிக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தேன். "முருகன் இருக்கச்சே நமக்கு இன்னா வரப்போவுது" என்று பேசினவர்களும் இருந்தார்கள். அவர்களையெல்லாம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்து எறக்கு என்று கேட்டவள் நான் ஒருத்திதான், அகப்பட்டுக்கொண்டேன்.

அந்த வீடியோ. அரக்கோணத்து அம்மா ஒருத்தி மூன்று தரம் என்னவோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. பின்னால் கூட்டம். நைனாவும் பக்கத்தில் இல்லை. அவசரத்தில் கையை நீட்டி அவள் மாஸ்க்கை நானே இழுத்துவிட்டேன். தப்புதான், பெரிய தப்பு. அவள் "சாவடிக்கப் பாக்கறியா" என்று கத்த, நானும் கத்த, எவனோ அதைப் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். மாஸ்க்குக்கு எதிராகச் சண்டை போடும் பொம்பளை என்று பேர் வைத்தார்கள். உனக்கும் வந்தது, உன் கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள் என்று நைனாவிடம் சொல்லி வருத்தப்பட்டாய். அந்த வீடியோ உன்னிடம் இருந்தால் இன்னொரு தடவை பார். என் மாஸ்க் எங்கே இருக்கிறது என்று பார். மூக்குக்கு மேலே இழுத்துக் கட்டியிருப்பேன். ஒரு நாளும் நான் அதை எறக்கினதில்லை. ஆயிரம் பேர் பார்த்தார்கள், ஒருத்தருக்குக்கூட அது கண்ணில் படவில்லை.

அன்று முதல் நைனா கடையை விட்டு நகரவில்லை. வருகிறவர் பக்கத்தில் போய் நின்று, கேட்டதைக் காதில் வாங்கி, தன் மாஸ்க்கை எறக்கி எனக்கு வாயசைத்துச் சொல்வார். ஒரு நாளைக்கு நூறு தடவை எறக்குவார், ஏற்றுவார். "பெரிய மனுஷன், மூக்குல போடத் தெரியாதா" என்று வருகிற போகிற பிள்ளைகள்கூட அவரைப் பேசின. சிரித்துக்கொள்வார். வேண்டாம், கடையை மூடிவிடலாம் என்றேன். கேட்கவில்லை. பத்து நாள் இப்படிப் போனது. பதினோராம் நாள் காய்ச்சல்.

நைனாவுக்கு நோய் என்னால்தான் வந்தது என்று நீ நினைக்கிறாய். இருக்கலாம் பூபாலா. நானும் அதைத்தான் நினைக்கிறேன். எனக்காகத்தான் அவர் எறக்கினார். அதற்கு நீ என்னை என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உயிருக்குப் பயந்து ஓடிவிட்டேன் என்று ஒன்று சொன்னாயே, அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

அவரை உள்ளே சேர்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் ஐந்து நாள் கிடந்தேன். ஆர்.கே.பேட்டையில் இருந்து தணிகாசலம் என்று ஒருவர், அவர் சம்சாரம் உள்ளே. நர்ஸ் வெளியே வந்து ஒவ்வொருவருக்கும் சேதி சொல்லிப் போகும். நான் தணிகாசலத்திடம், "தலை சுத்துதுண்ணா, இன்னா சொன்னாங்கன்னு இன்னொரு தபா சொல்லுங்க" என்பேன். அவர் தள்ளி நின்று மாஸ்க்கை எறக்கிச் சொல்வார். சாப்பிட்டார், தூங்குகிறார், நீங்கள் வீட்டுக்குப் போங்கள். நாலு நாளும் இதேதான். ஐந்தாம் நாள் அவர் சம்சாரத்தைக் குணமாகி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அவரும் போய்விட்டார்.

அன்று பதினோரு மணிக்கு நர்ஸ் வந்தது. தலைமுதல் கால்வரை வெள்ளை உறை, மாஸ்க், அதன்மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். என் பக்கத்தில் வந்து என்னவோ சொன்னது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாகச் சொன்னது. எறக்கிட்டு சொல்லும்மா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வீடியோவின் சூடு இன்னும் ஆறவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று நர்ஸின் மாஸ்க்கை எறக்கச் சொன்னால் அங்கேயே அடித்துப் போட்டிருப்பார்கள். "காது கேக்காதுங்க" என்று சொல்லியிருக்கலாம். ரெண்டே வார்த்தை. இருபது வருஷம் சொல்லாமல் இருந்துவிட்டு அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. வழக்கமாகச் சொல்வதுதான் என்று நினைத்து, "ஆங், சரிங்க" என்று தலையாட்டினேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் கும்பிட்டுவிட்டு, அவருக்குக் கஞ்சி வைத்து எடுத்து வரலாம் என்று பஸ் ஏறினேன். அந்தப் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை, சொல்லவேண்டியதைச் சொன்னது.

கஞ்சித் தூக்கோடு நான் திரும்பி வந்தபோது மூன்று மணி. நைனா இல்லை.

சாயங்காலம் நீ கூப்பிட்டாய். முகம் தெரியவில்லை, பேச்சு மட்டும். எதிரில் உட்கார்ந்து சொல்ல நைனாவும் இல்லை. நீ அழுகிறாய் என்று நினைத்து, "ஆங் கண்ணு, சரி கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ என்ன கேட்டாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு போனில் உன் எழுத்து வந்தது. "ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி கேட்டேன். நைனா உன்ன பாக்கணும்னு கேட்டாராம். பிபிஇ கிட் போட்டுகினு ரெண்டு நிமிஷம் உள்ள வாங்கன்னு நர்ஸ் கூப்பிட்டாங்களாம். நீ சரின்னுட்டு பஸ் ஏறிப் போயிட்டியாம். அவ்ளோ பயமா உனக்கு?"

அதைப் படித்துத்தான், பூபாலா, அந்த நர்ஸ் என்ன சொன்னது என்றே எனக்குத் தெரிந்தது. அவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் சரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

உனக்கு என்ன பதில் எழுதுவேன்? நீ என்னைப் பயந்தாங்கொள்ளி என்றே நினைத்துக்கொள், அது தேவலை என்று விட்டுவிட்டேன். உள்ளே போயிருந்தாலும் அவர் முகத்தில் ஆக்சிஜன் மூடியிருக்கும், அவர் சொல்வது எனக்குத் தெரிந்திருக்காது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது அடங்கவில்லை. எனக்குத் தெரியாவிட்டால் என்ன, அவர் என்னைப் பார்த்திருப்பாரே. வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்திருப்பாரே.

இந்த வாரம் முதல் இங்கே மாஸ்க் கட்டாயம் இல்லை என்றுவிட்டார்கள். நேற்று ஒரு தெலுங்குக்கார அம்மா வெறும் முகத்தோடு வந்து, கற்பூரமும் ஊதுபத்தியும் கேட்டாள். ஒரு சொல் தப்பாமல் எனக்குப் புரிந்தது. இரண்டு வருஷம் கழித்து. எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். குப்பம்மாள் ஓடிவந்து என்னாச்சு என்று உலுக்கினாள். முதல் முதலாக அவளிடம் சொன்னேன், எனக்குக் காது கேட்காது என்று. தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம், "அடிப் பாவி, அந்தப் புள்ளக்கி எழுதுடி மொதல்ல" என்றாள். செவிடி மகன் என்று யாரும் உன்னைச் சொல்லக்கூடாது என்றுதான் இத்தனையும் செய்தேன். இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். நீ இல்லாமல் எனக்கு அந்தக் கௌரவம் எதற்கு?

திதியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வா. பிரபாவதியையும் கூட்டிவா. நீங்கள் இரண்டு பேரும் நூறு வயசு நன்றாக இருக்கவேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. கதவைத் தட்டிக்கொண்டு வெளியில் நிற்காதே, எனக்குத் தெரியாது. தள்ளிக்கொண்டு உள்ளே வா. உன் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி என் எதிரில் உட்கார். மனசில் இருப்பதையெல்லாம் கொட்டித் திட்டு, பொறுத்துக்கொள்கிறேன். முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளாதே கண்ணு. நீ திரும்பிக்கொண்டால், என்னைத் திட்டுகிறாயா, அம்மா என்று கூப்பிடுகிறாயா என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
தே. மணியம்மை