கரடிக்கு நான் எண்ணிய பத்து

அண்ணா,

உன் கிளவுஸில் கோழி முட்டை போட்டுவிட்டது.

சிரிக்காதே. இரண்டையும் கயிற்றால் சேர்த்துக் கட்டிப் பரணில் வைத்திருந்தேன். அம்மாவின் சாம்பல் கோழிக்கு இந்த வீட்டில் வேறு இடமே கிடைக்கவில்லை போல. இரண்டுக்கும் நடுவிலிருந்த குழியில் உட்கார்ந்து காரியத்தை முடித்துவிட்டது. காலையில் ஏணி வைத்து ஏறினேன். பழைய தோலும் உன் வேர்வையும் நீலகிரித் தைலமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஒரு குத்து விட்டது. பள்ளிக்கூடத்தில் நான் வாங்காத முட்டையா? உன் கைக்கு முட்டை வருவதுதான் இது முதல் தடவை.

நாளைக்குக் களத்தில் சாமை அளக்கிறார்கள். "இந்த வருசமாச்சும் நீ எண்ணறயா சாமி?" என்று நேற்று அப்பா கேட்டார். நான் ஆட்டுக்குட்டியைத் தேடிப் போய்விட்டேன். ஆட்டுக்குட்டி என் காலடியில்தான் நின்றுகொண்டிருந்தது.

போன வருசமும் நான் எண்ணவில்லை. ஒன்பது வரைக்கும் வாய் வரும். பத்து வராது. ஏனென்று அப்பாவுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நீ பலாப்பழம் சுமந்துகொண்டு சேலத்துக்குப் போனவன். குத்துச்சண்டைக்காரனாகத் திரும்பி வந்தாய். பழத்தை இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் கூடாரம் போட்டிருந்தார்களாம். எங்கள் பயில்வானோடு மூன்று ரவுண்டு நின்று காட்டினால் ஒரு கம்பளி பரிசு என்று கத்திக்கொண்டிருந்தார்களாம். மலைக் குளிருக்கு ஆகுமே என்று ஏறினாய். மூன்று ரவுண்டு உன்னால் நிற்க முடியவில்லை, ஏனென்றால் முதல் ரவுண்டிலேயே அந்தப் பயில்வான் நிற்கவில்லை. கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவனைக் கூடாரத்து மேனேஜர் துரத்திப் பிடித்து, பக்கத்து மண்டித் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தார். எட்டு மணங்கு, இருநூறு பவுண்டு. "ஹெவிவெயிட்டுய்யா!" என்று குதித்தாராம். நீ ஊருக்கு வந்து அதைச் சொன்னபோது, "வெயிட்டெல்லாம் கழுத்துக்குக் கீழதான், மேல காத்து" என்றேன். நீ என்னைத் தூக்கிப் பலாமரத்துக் கிளையில் உட்காரவைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாய்.

அடுத்த முறை வரும்போது ஒரு போஸ்டர் கொண்டு வந்தாய். உன் படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் கொல்லிமலைக் கரடி.

"உங்க மேனேஜரு நல்லாத்தான் கரடி விட்டிருக்காரு" என்றேன்.

"ஏன் வாலு, நான் கரடியாட்டம் இல்லையா?"

"கரடி கோவிச்சுக்கும்."

இரண்டு வருசம் ஈரோடு, திருச்சி, கோயமுத்தூர் என்று சுற்றினாய். ஒருத்தனும் உன்னைக் கீழே தள்ளவில்லை. அதில்தான் வினை இருந்தது. விழாதவனுக்கு விழத் தெரியாது.

அப்புறம் அந்தப் பெரிய சண்டை வந்தது. பெங்களூர்ப் பட்டாளத்துக்காரன் ஒருவன். அவனை ஜெயித்தால் மெட்ராஸ், தோற்றால் கூடாரத்தைவிட்டு வெளியே, திரும்பவும் பலாப்பழம். மேனேஜர் உன்னை ஒரு மாதம் ஊருக்கு அனுப்பினார். மலை ஏறி இறங்கு, நன்றாகச் சாப்பிடு, அதோடு விழுந்து பழகு என்றாராம். "உளுந்தா உடனே எந்திரிக்கக் கூடாதாம் கண்ணு. ரெப்ரின்னு நடுவரு, அவரு பத்து எண்ணுவாரு. எட்டு வரைக்கும் படுத்து மூச்சு வாங்கணும். எட்டுல முட்டி, ஒம்பதுல நிக்கணும். பத்துச் சொல்லிட்டா சோலி முடிஞ்சுது" என்று எனக்கு விளக்கினாய்.

களத்துப் பாறையில் தொம்மென்று விழுவாய். எண்ணுவது நான். வேறு யார்? நம் திண்ணனூர் நாட்டு ஊர்களிலேயே களத்தில் எண்ணுவதற்கு என் தொண்டைதான் பேர்போனது.

எங்கே தப்பு என்று இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகிறது. நமக்கு எண்ணத் தெரிந்தது ஒரே விதம். களத்தில் யாரும் ஒன்று என்று தொடங்கமாட்டார்கள், முதல் வள்ளம் லாபம். அப்பா வள்ளத்தை நிறைத்து, தலை தட்டி, கோணியில் கொட்டி முடிக்கும்வரை அதையே இழுக்க வேண்டும். "லாபம், லாபம், லாபமே..." வள்ளம் காலியான பிறகுதான் "ரெண்டு, ரெண்டு, ரெண்டே..." அப்படியேதான் உனக்கும் எண்ணினேன். நீ பாறையில் மல்லாந்து மேகம் பார்த்தாய். ஏழுக்கு வருவதற்குள் ஒரு தரம் குறட்டைகூட விட்டாய். எட்டில் முட்டி போட்டாய், ஒன்பதில் நின்றாய். ஒரு மாதம் பிசகவே இல்லை. அப்பா பார்த்தார், ஊரே பார்த்தது. யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

சண்டைக்கு நம் ஊரிலிருந்து பதினாறு பேர் வந்தோம். காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கி, கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸைப் பிடித்தோம். அது வழியில் இரண்டு தரம் மூச்சு நின்றுபோனது. நீ இறங்கித் தள்ளினாய். "மெதுவாங்க, பஸ்ஸை நாக்கவுட் பண்ணிப்போடாதீங்க" என்றார் டிரைவர்.

சேலத்து மைதானத்தில் பிற்பகல் வெயில். மூன்றாவது ரவுண்டில் பட்டாளத்துக்காரன் இடது கை உன் தாடையில் விழுந்தது. நீயும் விழுந்தாய். கூட்டம் கத்தியது. நீ தலையைத் திருப்பி என்னைத் தேடினாய். நான் பெஞ்சு மேல் ஏறி நின்று தொண்டையைத் திறந்தேன்.

"லாபம், லாபம், லாபமே..."

உன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பார். எல்லாம் சரியாக நடக்கிறது என்கிற சிரிப்பு. வெள்ளைக்கார ரெப்ரி விரலை ஆட்டி ஆட்டி என்னமோ சொன்னார். நீ அவரைப் பார்க்கவே இல்லை. நான் நாலுக்கு வரும்போது அவர் இரண்டு கையையும் குறுக்கே வீசினார். எனக்கு என்ன தெரியும்? எண்ணிக்கொண்டே இருந்தேன். எட்டில் நீ முட்டி போட்டாய். ஒன்பதில் ஜம்மென்று எழுந்து கையை உயர்த்தி நின்றாய். பட்டாளத்துக்காரன் அதற்குள் துண்டைப் போர்த்திக்கொண்டு கீழே இறங்கிவிட்டிருந்தான்.

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "யாருய்யா அந்தப் புள்ள? ஆளைப் படுக்கப் போட்டுத் தாலாட்டுப் பாடிருச்சேய்யா!"

"எனக்குக் காது அடைச்சிருச்சுங்க. அவ மேல ஒண்ணுமில்லீங்க" என்றாய் நீ. அதற்கு முன்னால் நீ பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பொய் என் இலாகா.

மலை ஏறும்போது நான் கடைசியில் வந்தேன். ஒருத்தரையும் கிண்டல் பண்ணாமல் வந்தேன். அதிலேயே உனக்குப் பயம் பிடித்திருக்கும். மற்றவர்களை முன்னால் விட்டு நின்றாய்.

"அண்ணா, உன்னக் கவுத்தது அவனில்ல. நான்."

"நீ எண்ணுனது சரியான அளவு கண்ணு. அந்த வெள்ளைக்காரன்தான் வள்ளம் நெறையறதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிட்டான்."

மேனேஜர் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு சண்டை பேசினார். அதே ஆள், அதே மைதானம், ஆறு வாரம் கழித்து. இதிலும் தோற்றால் அவர் முகத்திலேயே முழிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். ஊரில் எல்லாரும் ஒரே பேச்சாக, "புள்ளைய ஊட்லயே உட்டுட்டுப் போங்க" என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "இவ வரலீன்னா நான் யாரப் பாத்து எந்திரிக்கறது?" என்றாய்.

அதனால்தான் வாத்தியாரின் கடிகாரம் காணாமல் போனது. அவர் ஓடையில் குளிக்கும்போது, கரையில் கிடந்த சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். சங்கிலியில் அதே அளவுக்கு ஒரு கூழாங்கல்லைக் கட்டி வைத்தேன். பள்ளிக்கூடத்தில் மணி பார்க்க வெளியே இழுத்தவர் கல்லைப் பார்த்துக் கல்லாகவே நின்றுவிட்டார். கடிகாரத்தின் வினாடி முள் நகருகிற வேகத்தில் எண்ணிப் பார்த்தேன். பத்து எண்ணி முடிக்கும்போது களத்தில் நாலாவது வள்ளமே நிறைந்திருக்காது. கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஒரு வாரம் முட்டி போட்டேன். "ஒம்பதுல எந்திரிச்சுக்கடி" என்று ஜன்னல் வழியாகக் கிண்டல் பண்ணினாய். ஆறு வாரமும் களத்துப் பாறையில் கடிகாரக் கணக்குத்தான். உனக்குத் தூங்க நேரமே கிடைக்கவில்லை.

இரண்டாவது சண்டையில் நாலாவது ரவுண்டில் விழுந்தாய். அதே இடது கை. உன் தலை என் பக்கம் திரும்பியது. நான் பெஞ்சு மேல் நின்றேன்.

"லாபம்! ரெண்டு! மூணு! நாலு!"

எட்டில் முட்டி. ஒன்பதில் நின்றாய். அடுத்தாற்போல நீ விட்ட வலது கை எங்கிருந்து புறப்பட்டது என்று பட்டாளத்துக்காரனுக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது. அவன் விழுந்தான். நம் ஆட்கள் பதினைந்து பேரும் எழுந்து நின்று ஒரே குரலில் தொடங்கினார்கள்: "லாபம், லாபம், லாபமே..." பழக்கம் எங்கே போகும்? அவர்கள் நாலுக்கு வருமுன்னே ரெப்ரி உன் கையைத் தூக்கிவிட்டார். நம் அப்பா இருக்கிறாரே, மகன் ஜெயித்ததைக்கூடப் பார்க்காமல் மேடை ஓரத்துக்குப் போய் ரெப்ரியிடம் நியாயம் கேட்டார்.

"ஏனுங்க, இன்னும் நாலே ஆவலீங்களே! அந்தத் தம்பிக்கும் அளவு நெறைய வேண்டாமுங்களா?"

ரெப்ரிக்குத் தமிழ் தெரியாதது நம் நல்ல நேரம்.

அதற்குப் பிறகு மெட்ராஸ், கொழும்பு, பம்பாய். மூன்று வருசத்தில் ஒரே ஒருத்தனிடம்தான் தோற்றாய். அவனையும் அடுத்த வருசம் திரும்பப் போய் ஒரு கை பார்த்துவிட்டு வந்தாய். உன் படம் போட்ட பேப்பர் துண்டுகளை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். சாமிக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்திருக்கும்.

போன வருசம் ஆடியில் ஒரு மாதம் ஓய்வு என்று வந்தாய். வந்த பத்தாம் நாள் மலைக்காய்ச்சல். எட்டு மணங்கு ஆளை எள்ளளவு கொசு சாய்த்துவிட்டது. சேந்தமங்கலத்திலிருந்து குயினைன் வாங்கி வந்தோம். அந்தக் கம்பளி மேல் இன்னும் மூன்று போர்த்தினோம். நடுப்பகலில், வெளியே அத்தனை வெயில் அடிக்கும்போது நீ நடுங்கினாய். பிறகு நடுக்கம் நின்றது. கண்ணைத் திறந்து என்னைத் தேடினாய், மைதானத்தில் தேடுவாயே, அப்படி.

"எண்ணு வாலு."

"கடிகாரக் கணக்கா, களத்துக் கணக்கா?"

"களத்துது. மெதுவா."

எண்ணினேன். உன் கை என் கையில் இருந்தது. லாபத்தை இழுத்தேன். இரண்டை இழுத்தேன். என் ஆயுசில் அத்தனை நிதானமாக எதையும் செய்ததில்லை. எட்டில் நீ முட்டி போடவில்லை. ஒன்பதில் உன் கை கனத்தது. நான் நிறுத்தவில்லை. ஒன்பது, ஒன்பது, ஒன்பதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்பா வந்து என் வாயைப் பொத்தினார். பத்துச் சொல்லவில்லை. ஒரு தரம் நான் எண்ணி உன்னைத் தோற்கடித்தேன், இன்னொரு தரம் அது வேண்டாம் என்று நினைத்தேன்.

போன வருசம் அப்பாவே எண்ணினார். அவருக்கு நடுவில் இருமல் வந்தது. ஆறா ஏழா என்று களத்தில் ஒரே சண்டை. சாமையை மறுபடி கொட்டி மறுபடி அளந்தார்கள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அதில்தான் உனக்குப் பயிற்சி உண்டே.

இன்றைக்குப் பரண் ஏணியில் நின்றபடியே யோசித்தேன். நீ சொன்னதுதான் ஞாபகம் வந்தது, வள்ளம் நெறையறதுக்குள்ள அடுத்ததுக்குப் போகக் கூடாது. சரி, போகவில்லை. ஆனால் நிறைந்த பிறகும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றால் அதுவும் அளவு இல்லை. நாளைக்கு நான்தான் எண்ணப்போகிறேன். ஒன்பதை மட்டும் கொஞ்சம் கூட இழுப்பேன். அப்பா காலி வள்ளத்தோடு முறைப்பார். முறைக்கட்டும், அந்த நேரம் உன் பங்கு. அப்புறம் பத்துச் சொல்வேன். களத்து ஓரத்துப் பாறை வரைக்கும் கேட்கும்படி சொல்வேன்.

கிளவுஸை அங்கேயே வைத்துவிட்டேன். அந்த ஒற்றை முட்டையையும் எடுக்கவில்லை, கோழி அடை உட்காரட்டும். அம்மா கீழேயிருந்து கத்தினாள். "ஏ புள்ள, பரண்ல எத்தன இருக்குது?"

ஒரு வருசமாக வராத களத்துக் குரல் வாயில் தானாக வந்தது.

"லாபம், லாபம், லாபமே!"