ஆலோசகியின் கண்ணீர்

என்னவருக்கு,

உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன்.

டிவியில் தம்பதிகளைச் சேர்த்துவைக்கிற ஆலோசகிக்கு இன்று நான்தான் மேக்கப் போட்டேன். "சண்டையா? நீங்களே முதல்ல பேசிடுங்க" என்று எல்லோருக்கும் சிரித்தபடி சொல்வாரே, அவரேதான்.

பவுடர் ஒட்டவேயில்லை, அழுதுகொண்டே இருந்தார். "எங்க வீட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டுப் போய் ஒரு மாசமாச்சும்மா."

"நீங்க பேசிப் பாக்கலாமே, மேடம்?"

"நானா? அவர்தான் முதல்ல பேசணும்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீங்கள் கோபித்துக்கொண்டு போனதிலிருந்து அம்மாவிடம் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"உன் வீட்டுக்காரர் எப்படியிருக்கார்?" என்றார். வெளியூர் போயிருப்பதாகப் புளுகினேன்.

ஸ்டுடியோ விளக்கு எரிந்ததும் அவர் கண்ணைத் துடைத்து, சிரிப்பை ஒட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். என்னால் அப்படி முடியாது.

இதைத் தபாலில் போடப் போவதில்லை. உங்கள் அண்ணன் வீட்டுக்கு நானே கொண்டுவருகிறேன். நீங்களே கதவைத் திறங்கள், அண்ணியை அனுப்பாதீர்கள்.

உங்கள் பிடிவாதக்காரி