மாம்பழச்சிட்டு யாருக்கு உறவு

பெங்களூரு
4.3.2024

அன்புள்ள குணா,

நலம்தானே? போனை எடுக்காத மனிதனுக்குக் கடிதம் போடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. தபால் ஆபீஸில் இருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

போன வாரமே முகூர்த்தப் பட்டு எடுக்கச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை என்று என் அம்மா கேட்டதற்கு, உன் அம்மா "பாக்கலாமுங்க" என்றாராம். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

ஆய்வகத்தில் மாம்பழச்சிட்டுக் குருவிகளின் ரத்த மாதிரிகள் அப்படியே கிடக்கின்றன. எதிலும் கை ஓடவில்லை. கல்லூரியில் சேர்ந்து படித்த பாவத்துக்காவது ஒரு வரி எழுது.

உன்
பிரியா


திருச்செங்கோடு
11.3.2024

அன்புள்ள பிரியா,

கோபப்படாதே. போன் அம்மாவிடம் இருக்கிறது. முப்பது வயது ஆளின் போன், சிரித்துக்கொள். போர்வெல் ரிக் வண்டி ஷெட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

குலதெய்வக் கோயிலில் ராசம்மாள் அத்தை கொளுத்திப் போட்டுவிட்டது. உன் அப்பா வழித் தாத்தா தூரன் கூட்டத்துக்குத் தத்துப் போனவராம். பிறந்தது எங்கள் காடைக் கூட்டத்திலாம். ஒரே கூட்டம் என்றால் நீயும் நானும் அண்ணன் தங்கை முறை. அம்மாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

தத்துப் போனவருக்குப் போன இடத்துக் கூட்டம்தானே என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அதற்கு அம்மா உன்னையே சாட்சிக்கு இழுத்தது.

"அந்தப் புள்ளயே சொல்லுச்சல்லோ, றெக்கையப் பாத்து ஏமாறக் கூடாது, ரத்தத்தத்தான் பாக்கோணும்னு."

றெக்கையைப் பார்த்துச் சின்னான் குருவியோடும் பச்சைச்சிட்டோடும் ஒரே குடும்பமாகச் சேர்த்து வைத்திருந்த மாம்பழச்சிட்டை, ரத்தத்தைப் பார்த்த பிறகு தனியாகப் பிரித்துவிட்டார்கள் என்று நிச்சயத்தன்று விளக்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்த இடத்தில் உன்னை யார் பாடம் நடத்தச் சொன்னது? அம்மா ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறது.

என்ன செய்யட்டும், நீயே சொல்.

குணா


பெங்களூரு
18.3.2024

அன்புள்ள குணா,

நான் சொன்னது உண்மைதான், மாற்றிப் பேச மாட்டேன். ஆனால் அது பாதிதான். மீதியை உன் அம்மாவுக்கு இந்தக் கடிதத்திலிருந்தே படித்துக் காட்டு.

யார் எங்கிருந்து பிரிந்தார்கள் என்று மட்டும்தான் நாங்கள் சொல்கிறோம். எத்தனை முறை இடம் மாற்றி எழுதினாலும் அந்தக் குருவிக்கு ஒன்றும் தெரியாது. அது பாட்டுக்குப் புளியமரத்தில் விசிலடித்துத் துணை தேடும். இவனோடு கூடு கட்டாதே என்று நாங்கள் எந்தக் குருவிக்கும் தாக்கீது அனுப்புவதில்லை.

சொந்த அத்தை மகனைக் கட்டலாமாம், எந்தக் காலத்திலோ பிரிந்த காடைக்காரனைக் கட்டக் கூடாதாம். ரத்தம்தான் பேச வேண்டும் என்றால் வா, இருவரும் கொடுப்போம். நெருங்கிய உறவு என்று வந்தால் நானே விலகிக்கொள்கிறேன்.

எனக்கு உன் அம்மாவிடம் பயமில்லை, உன்னிடம்தான் பயம். அம்மா சொன்னதை எழுதினாய், நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவே இல்லையே. ராத்திரி பகல் இருப்புக் கொள்ளவில்லை. 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். சேர்ந்து போய் உன் வீட்டில் பேசுவோம். கேட்கவில்லையென்றால் பதிவுத் திருமணம் செய்துகொள்வோம். நீ வந்து நின்றால் போதும்.

உன்
பிரியா


திருச்செங்கோடு
31.3.2024

அன்புள்ள சத்யபிரியாவுக்கு,

வெள்ளிக்கிழமை நான் வந்திருந்தேன். நீ இறங்கியதைப் பார்த்தேன். வந்த ஒவ்வொரு திருச்செங்கோடு பஸ்ஸையும் எட்டி எட்டிப் பார்த்தாய். நான் ஈரோடு பஸ் நிற்கும் பக்கம் தூணுக்குப் பின்னால் நின்றேன். உன் முன்னால் வரவே இல்லை.

உன் கடிதத்தை அதற்கு முன்பே அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டது.

"அந்தப் புள்ள சொல்றது நாயந்தான் சாமி. ஆனா எம்மனசுல அவ மகளாயிப் போய்ட்டா. இனி மருமகள்னு எப்படிக் கூப்புடுவேன்?"

இப்போது உன்னை நினைத்தாலே மகள் என்ற அந்த வார்த்தையும் கூடவே வந்து நிற்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நாமகிரிப்பேட்டையில் எனக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தங்கைதான் இணைச்சீர்ச் சடங்கு செய்ய வேண்டும், எனக்குக் கூடப்பிறந்தவள் யாரும் இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ வந்து நின்றால் மனசு ஆறும் என்று அம்மா சொல்கிறது, உன்னிடம் கேட்கச் சொல்லி இரண்டு நாளாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

முடியாது என்றால் அதையும் எழுது. படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
அண்ணன்
குணசீலன்